மிஸ்ஸிக்குப் படுவான்கரை றோட்டைப் பழக்கியது

மோட்டார் ஓட்டத் தெரியாதவருக்கு ஓட்டப் பழக்குவது ஒரு தொழில். ஓட்டத் தெரிந்தவருக்கு நமது றோட்டைப் பழக்குவது வேறொரு தொழில், அதில் பழக்குகிறவனுக்குத்தான் கூடுதலாக வியர்க்கும். சொந்த மச்சானுக்கோ மனைவிக்கோ கார் பழக்கிப் பார்த்த வாசகர்கள் என் பக்கத்தில் வந்து உட்காரலாம். நீங்கள் பட்ட பாடு எனக்குத் தெரியும். "இங்கால, இங்கால" என்று சொல்லித் தொண்டை வறண்டு, வீட்டுக்கு வந்து ஒருவரோடும் பேசாமல் படுத்துக்கொண்டவர்கள் நாம்.

மட்டக்களப்பு நகரத்தில் ஒரு பழைய காரை வைத்துக்கொண்டு நான் ஆட்களுக்கு ஓட்டப் பழக்கி வந்தேன். அறுபதுகளில் எங்கள் பக்கம் வெளிநாட்டார் சிலர் வேலைக்கு வந்தார்கள். நீர்ப்பாசனம், மீன்பிடி, சபை ஊழியம் என்று ஒவ்வொருவருக்கும் ஒரு வேலை. எல்லாரிடமும் அவரவர் நாட்டு லைசென்ஸ் இருந்தது. ஆனாலும் எங்கள் றோட்டில் இறங்குமுன் உள்ளூர்க்காரன் ஒருவனைச் சில நாள் பக்கத்தில் வைத்திருப்பது நல்லது என்று யாரோ சொல்லிவிட, அந்த உள்ளூர்க்காரன் பெரும்பாலும் நானாகவே இருந்தேன்.

அவர்களில் ஒருவரைப் பற்றித்தான் இங்கே எழுதுகிறேன். பெயர் மிஸ் இங்கபோர்க். டென்மார்க்கில் இருந்து வந்த மருத்துவிச்சி. களுவாஞ்சிக்குடிக்குப் பக்கத்தில் ஒரு சிறிய கிறிஸ்தவ சபை நடத்திய பிள்ளைப்பேற்று நிலையத்தில் வேலை. அந்தப் பெயரைச் சொல்ல ஊர் ஒரு வாரம் முயன்று பார்த்துவிட்டு, மிஸ்ஸி என்று நிறுத்திக்கொண்டது.

வாவிக்கு மேற்கே படுவான்கரை. மாரி தொடங்கினால் அங்கே பல ஊர்கள் தனித்துப்போகும். பிள்ளைப்பேறு கஷ்டமானால் மாட்டு வண்டிலில் ஏற்றித் துறைக்குக் கொண்டுவந்து, பாதையில் கிழக்குக் கரைக்கு வரவேண்டும். வாவியைக் கடக்கிற மிதவைக்கு எங்கள் பக்கம் பாதை என்று பெயர். என் தங்கச்சி பரிமளம் படுவான்கரையில் வாழ்க்கைப்பட்டவள். முதல் பிள்ளையை அவள் அந்த வண்டிலில்தான் பெற்றாள். பிள்ளை உயிரோடு துறையைக் காணவில்லை. நான் சொல்லும் வருடம் அவள் மறுபடியும் உண்டாகியிருந்தாள்.

அந்த வருடம் நிலையத்துக்கு ஒரு ஜீப் வந்தது. சாரதி வைக்க வசதி இல்லை. மிஸ்ஸிதான் ஓட்டவேண்டும். கொழும்பில் இருந்த சபைப் பெரியவர்கள் ஒரு நிபந்தனை போட்டார்கள். மிஸ்ஸி தனியாக ஓடலாம் என்று பழக்குகிறவன் மாரிக்கு முன் வாயால் சொல்லவேண்டும். சொல்லாவிட்டால் ஜீப் மலைநாட்டுக்குப் போய்விடும். அந்த வாய் என்னுடையதாக அமைந்துவிட்டது. எதையும் மூன்று தரம் யோசித்து நாலாவது தரம் சந்தேகப்படுகிறவன் நான். ஆளைத் தெரிந்திருந்தால் அவர்கள் வேறொருவரைப் பார்த்திருப்பார்கள்.

காலி றோட்டு

முதல் நாள் கடற்கரைப் பக்கத்துப் பெரிய றோட்டில் ஓடவிட்டேன். அவருடைய நாட்டில் வாகனங்கள் வலப்பக்கம் போகும். இங்கே இடப்பக்கம். எனக்கு இருந்த பயம் முழுவதும் இதுதான். ஆனால் பஸ் எதிரே வந்தால் அவர் சரியாக இடப்பக்கம் ஒதுங்கினார். லொறி வந்தால் இன்னும் சரி. காத்தான்குடிக் கடைத்தெருவில், சைக்கிளும் கைவண்டிலும் ஆட்களும் ஒன்றாகக் கலந்து நின்ற இடத்தில், ஒரு பிழை பிடிக்க முடியவில்லை. இவருக்கு இரண்டு நாள் போதும் என்று நினைத்தேன்.

அதைக் கடந்து ஆளில்லாத ஒரு தென்னந்தோட்டத்தடியில் நிறுத்தித் தண்ணீர் குடித்தோம். திரும்ப ஏறிப் புறப்பட்டபோது முன்னும் பின்னும் றோட்டு வெறுமையாக இருந்தது. மிஸ்ஸி வெகு சுகமாக ஓட்டினார். எனக்கும் சுகமாக இருந்தது. தென்னைகளுக்கு இடையே தெரிந்த கடலைப் பார்த்துக்கொண்டு வந்தேன். எதிரே சைக்கிளில் புடவைப் பொட்டணி கட்டிய ஒரு காத்தான்குடி வியாபாரி வந்தார். எங்களைக் கண்டதும் இறங்கி, சைக்கிளைப் பிடித்துக்கொண்டு, யானைக்கு முன் நிற்கிறவர் போல அசையாமல் நின்றார். அப்போதுதான் நாங்கள் வலப்பக்கம் வந்துகொண்டிருந்தது எனக்கு உறைத்தது. மிஸ்ஸி பிரேக் போட்டு நிறுத்த, ஜீப்பின் மூக்குக்கும் சைக்கிள் சில்லுக்கும் இடையில் ஒரு முழம் இருந்தது.

மிஸ்ஸி தமிழைப் புத்தகத்தில் படித்தவர். இறங்கிப்போய், "மன்னிக்க வேண்டும் ஐயா, தவறு என்னுடையது" என்று கைகூப்பினார். நெரிசலில் மற்ற வாகனங்கள் அவருக்கு வழி சொல்லிக்கொண்டிருந்தன. ஒருவரும் இல்லாத இடத்தில் கை தன் சொந்த ஊருக்குப் போய்விட்டது. வெளிநாட்டார் யாரைப் பழக்கினாலும் காலி றோட்டில்தான் கண்ணை வைக்கவேண்டும் என்று அன்று படித்துக்கொண்டேன். வியாபாரி மிஸ்ஸியை ஒன்றும் சொல்லவில்லை. சைக்கிளில் ஏறுமுன் ஜன்னலடியில் நின்று என்னைத்தான் கேட்டார்: "அவ வெளிநாடு, சரி. நீங்க எந்த ஊர் தம்பி?"

வா என்ற கை

துறையில் பாதைக்கு ஜீப்பை ஏற்றுவது ஒரு பரீட்சை. இரண்டு பலகைகளின் மேல் சில்லுகளைச் சரியாக வைத்து ஏறவேண்டும். பாதைக்காரர் முன்னால் நின்று கைகாட்டுவார். நான் இறங்கிக் கரையில் நின்றுகொண்டேன். தனியாகச் செய்யட்டும் என்று நினைத்தேன்.

பாதைக்காரர் வா என்று கூப்பிட்டார். நாம் எல்லாரும் கூப்பிடுகிறது போலத்தான், உள்ளங்கை கீழே பார்க்க, விரல்களை அசைத்துக் கூப்பிட்டார். மிஸ்ஸி பின்னால் போனார். அவர் இன்னும் பலமாகக் கையை அசைத்தார். மிஸ்ஸி இன்னும் வேகமாகப் பின்னால் போனார். பாதைக்காரர் இரண்டு கையாலும் கூப்பிட்டார். ஜீப் மீன் விற்கிறவர்களின் கூடைகளுக்குக் கிட்டப் போய்விட்டது. நான் ஓடிப்போய்க் கேட்டபோது மிஸ்ஸியின் முகம் சிவந்திருந்தது. தன் நாட்டில் அந்தக் கைக்குப் போ என்று அர்த்தம் என்றார். அங்கே கூப்பிடுவதென்றால் உள்ளங்கை மேலே பார்க்கவேண்டும்.

எனக்கு அது பெரிய விஷயமாகப் பட்டது. றோட்டில் நாம் ஒருவருக்கொருவர் பேசுவது முழுவதும் கையால்தான். லொறிக் கிளீனர் காட்டுவது, வண்டில்காரர் காட்டுவது, ஆடு மேய்க்கிறவர் காட்டுவது எல்லாம் கைதான். மேடு பள்ளத்தை ஒவ்வொன்றாகச் சொல்லிக்கொடுத்த நான், கை ஊருக்கு ஊர் மாறும் என்று யோசிக்கவில்லை. அன்று முழுவதும் துறையில் நின்று ஒவ்வொரு கையாகச் சொல்லிக்கொடுத்தேன். பாதைக்காரருக்கு மட்டும் கோபம் ஆறவில்லை. "கூப்பிடக் கூப்பிடப் பின்னால போறவவ நான் எப்பிடி அண்ணன் அக்கரைக்குக் கொண்டுபோற?"

காய்கிறதும் நசிகிறதும்

அது சிறுபோக வெட்டு முடிந்த காலம். படுவான்கரையில் பாதி றோட்டில் நெல் காயும். அந்த நெல்லில் சில்லு ஏறக்கூடாது, மற்றப் பாதியால் மெதுவாகப் போகவேண்டும், வேகமாகப் போனால் காற்றில் நெல் சிதறும் என்று சொல்லிக்கொடுத்தேன். மிஸ்ஸிக்கு இது மிகவும் பிடித்துப்போனது. நெல்லைக் காணும்போதெல்லாம் கோயிலைக் கடக்கிறவர் போல ஓட்டினார்.

அடுத்த நாள் வேறொரு ஊரில் றோட்டின் அகலம் முழுவதும் உழுந்துச் செடி பரப்பியிருந்தது. நான் வாயைத் திறக்குமுன் மிஸ்ஸி றோட்டை விட்டு இறங்கிவிட்டார். ஜீப் ஒரு பக்கம் சரிந்து, வயல் வட்டையின் ஓரத்து வரம்பில் ஏறி, நான் கதவில் தொங்கி, ஒருவாறு அந்தப் பக்கம் சேர்ந்தோம். மரத்தடியில் இருந்த ஒரு பெண் எழும்பி ஓடிவந்தார். உழுந்துச் செடி பரப்புவது வாகனம் ஏறி நசித்துவிட்டுப் போவதற்காகத்தான். அந்த வழியில் வாகனம் வருவதே அருமை. காலையில் இருந்து காத்திருந்து, வந்த ஒன்றும் சுற்றிக்கொண்டு போனால் யாருக்குத்தான் கோபம் வராது?

விஷயம் விளங்கியதும் மிஸ்ஸி ஜீப்பைத் திருப்பினார். செடியின் மேல் போனார், வந்தார், மறுபடியும் போனார். காயிலிருந்து உழுந்து வெடித்துப் பறக்கிற சத்தம் கேட்டு அவர் சிரித்த சிரிப்பு இன்னும் ஞாபகம். போதும் என்று நான் சொல்ல இருந்தபோது அந்தப் பெண் ஜன்னலைப் பிடித்துக்கொண்டார். "இன்னொருக்காப் போயிட்டு வாங்க மிஸ்ஸி, அந்த மூலை இன்னும் நசியல்ல."

எருமை

எருமையைப் பற்றி நான் பெரிய பிரசங்கம் தயாரித்து வைத்திருந்தேன். ஹோர்னுக்கு அசையாது, கூட்டத்தை இரண்டாகப் பிரிக்கக்கூடாது, கன்று ஒரு பக்கமும் தாய் ஒரு பக்கமும் நின்றால் காத்திருக்கவேண்டும் என்றெல்லாம். பின்னேரம் வாவிக் கரையில் ஒரு கூட்டம் குறுக்கே நின்றது. நான் தொடங்குமுன் மிஸ்ஸி இறங்கிப் போனார். முன்னால் நின்ற பெரிய எருமையின் இடுப்பில் தோளைக் கொடுத்து, தொண்டையில் ஏதோ சத்தம் போட்டார். எருமை ஒரு தரம் திரும்பிப் பார்த்துவிட்டு நகர, மற்றவையும் பின்னால் போயின.

தன் தகப்பன் பால்மாடு வளர்க்கிறவர் என்று மிஸ்ஸி பிறகுதான் சொன்னார். என் பிரசங்கம் அப்படியே நின்றுபோனது. மாடு மேய்க்கிறவர் என்னிடம் வந்து மெதுவாகச் சொன்னார்: "என்ன பாஷை எண்டு கேட்டுச் சொல்லுங்க அண்ணன். நாளைக்கு நானும் சொல்லிப் பாக்கன்."

ஹோர்ன்

நான் ஓட்டப் பழகிய நாளில் இருந்து ஆளைக் கண்டால் ஹோர்ன் அடிப்பேன். அது மரியாதை என்று நினைத்திருந்தேன். ஒரு நாள் செங்கலடிப் பக்கம் போகவேண்டி வந்தது. களைத்துப்போன மிஸ்ஸியைப் பக்கத்தில் இருத்திவிட்டு நான் ஓட்டினேன். சந்தை கலைகிற நேரம். பெண்கள் கூடையோடு றோட்டின் இரு கரையிலும் கதைத்துக்கொண்டு போனார்கள். வழக்கம்போல ஹோர்ன் அடித்தேன். வழக்கம்போல வலக்கரையில் போன ஒருவர் இடக்கரையில் இருந்த கூட்டாளியிடம் குறுக்கே ஓடினார். நான் பிரேக் போட்டு, வழக்கம்போல முணுமுணுத்தேன்.

சிறிது தூரம் போனபிறகு மிஸ்ஸி, தான் சில நாளாகக் கவனித்ததைச் சொன்னார். இங்கே ஆட்கள் பயந்தால் கரைக்கு ஓடுவதில்லை, தங்கள் ஆளிடம் ஓடுகிறார்கள் என்றார். எத்தனை வருடம் இந்த றோட்டில் ஓடியிருக்கிறேன். குறுக்கே பாய்ந்த ஒவ்வொருவரையும் புத்தியில்லாதவர் என்று ஏசியிருக்கிறேன். தாய் பிள்ளையிடம் ஓடுகிறாள், அக்கா தங்கையிடம் ஓடுகிறாள் என்று எனக்கு ஒருநாளும் தோன்றவில்லை. பழகிய கண்ணுக்குச் சில காட்சிகள் தெரியாமலே போய்விடுகின்றன போலும். அன்றிலிருந்து ஆளைக் கண்டால் முதலில் வேகத்தைக் குறைக்கிறேன். மிஸ்ஸி அன்று கடைசியாகச் சொன்னதை அவருடைய புத்தகத் தமிழிலேயே எழுதுகிறேன்: "அவர்கள் எந்தப் பக்கம் ஓடுவது என்று தமக்குள் பேசி முடிவு செய்ய நீங்கள் நேரம் கொடுப்பதில்லை."

போதகரின் கேள்வி

வடகிழக்குக் காற்று தொடங்கியது. நிலையத்துப் போதகர், மட்டக்களப்பு ஆள், அமைதியான மனிதர், என்னைக் கூப்பிட்டு முடிவைக் கேட்டார். இன்னும் இரண்டு நாள் பொறுங்கள் என்றேன். இரண்டு நாள் கழித்தும் அதையே சொன்னேன். மூன்றாம் தரம் அவர் என்னைக் கூட்டிவர ஆள் அனுப்பினார்.

அந்த நாட்களில் எனக்கு நித்திரை இல்லை. மிஸ்ஸி பழகியதெல்லாம் காய்ந்த றோட்டு. வெள்ளத்தை இன்னும் காணவில்லை. நான் சரி என்று சொல்லி, அவர் யாரையாவது மோதிவிட்டால்? சரியில்லை என்று சொல்லி, ஜீப் போய், மறுபடி வண்டிலில் ஒரு பிள்ளை செத்தால்? பரிமளத்தை இந்த ஜீப்பில் ஏற்றுவாயா என்று என்னையே கேட்டுப் பார்த்தேன். ஏற்றுவேன் என்றுதான் மனம் சொன்னது. அப்படியென்றால் வாய் ஏன் மறுக்கிறது? பிறகு ஏதாவது நடந்தால், நான் அப்போதே சொன்னேன் என்று ஒதுங்கிக்கொள்ள ஓர் இடம் தேடுகிறேனோ என்று வெட்கமாக இருந்தது.

போதகரிடம் போய், தனியாக ஓடவிடலாம் என்று சொன்னேன். சொன்னபிறகும் எழும்பிப் போகாமல், மழை நேரம் பார்க்கவேண்டும், துறையில் கவனம் வேண்டும், காலி றோட்டு இருக்கிறது என்று அடுக்கிக்கொண்டே இருந்தேன். அவர் ஜீப்பின் சாவியை மேசையில் எடுத்து வைத்துவிட்டு, கண்ணாடியைக் கழற்றித் துடைத்துக்கொண்டு கேட்டார்: "தம்பி, உங்களுக்கும் எனக்கும் திறப்பத் தரக்குள்ள ஆராவது இவ்வளவு யோசிச்சவங்களா?"

தெரிந்த பாலம்

கார்த்திகை மழை விடாமல் பெய்த ஒரு நாள். மிஸ்ஸி காலையில் படுவான்கரைக்குத் தனியாகப் போயிருந்தார். மத்தியானம் தோணியில் வந்த ஒருவர், பரிமளத்துக்குப் பேற்று நோக்காடு தொடங்கிவிட்டது, மிஸ்ஸி கூட்டிக்கொண்டு வருகிறாராம் என்று எனக்குச் செய்தி சொன்னார். நாள் இன்னும் இருந்தது. நான் துறைக்கு ஓடினேன்.

கிழக்குக் கரையில் நின்று அக்கரையைப் பார்த்துக்கொண்டிருந்தேன். மழையில் மரமும் தண்ணீரும் ஒன்றாகத் தெரிந்தன. வரவேண்டிய நேரம் போய்விட்டது. ஜீப்பைக் காணவில்லை. ஓடவிடலாம் என்று நான் சொன்ன அந்த வார்த்தையைத் திருப்பி எடுக்க முடியுமா என்று பைத்தியக்காரன் போல யோசித்தேன். நான் போயிருந்தால் இந்நேரம் வந்திருப்பேன் என்றும் நினைத்தேன். கடைசியில் ஜீப் வந்து பாதையில் ஏறியது. முதல் எத்தனத்திலேயே ஏறியது. இக்கரை சேர்ந்ததும் நான் சாரதிப் பக்கக் கதவடிக்குப் போனேன். மிஸ்ஸி விலகி இடம் தரவில்லை. பின்னால் ஏறும்படி தலையால் காட்டினார். ஏறினேன்.

பொழுதுபடுமுன் நிலையத்தில் பெண்பிள்ளை பிறந்தது. அழுதது. அந்தச் சத்தத்தைக் கேட்டபிறகுதான், ஜீப்பில் கூடவே வந்த பரிமளத்தின் புருஷன், என் மச்சான், வழியில் நடந்ததைச் சொன்னார். வழியில் ஒரு சப்பாத்துப் பாலம் உண்டு. மழை பெய்தால் தண்ணீர் அதற்கு மேலால் பாயும். கரைக் கல் தெரியாது. மிஸ்ஸி அதற்கு முன் ஜீப்பை நிறுத்திவிட்டாராம். தினமும் போகிற பாலம்தானே, நேரே விடுங்கள் என்று மச்சான் சொல்லியிருக்கிறார். பரிமளம் கத்தியிருக்கிறாள். மிஸ்ஸி இறங்கி, மழையில் நின்று தண்ணீரையே பார்த்திருக்கிறார். இடப்பக்கம் ஓர் இடத்தில் தண்ணீர் சுழித்து இறங்குவது அவருக்குச் சந்தேகமாக இருந்ததாம். வயல் வேலையை விட்டு மரத்தடியில் ஒதுங்கி நின்ற கமக்காரர் இருவரைக் கூப்பிட்டு, இடுப்பில் வண்டில் கயிற்றைக் கட்டி, இரு கரையிலும் காலால் தடவிக்கொண்டு முன்னே நடக்கச் சொல்லியிருக்கிறார். இடக்கரையில் நடந்தவர் ஓரிடத்தில் இடுப்பளவுக்கு இறங்கிவிட்டார். காலையில் நன்றாக இருந்த கரை அதற்குள் அறுத்துக்கொண்டு போயிருந்தது. கயிற்றைப் பிடித்து அவரை ஏற்றி, அவர் காட்டிய எல்லைக்கு உள்ளே, ஆள் நடக்கிற வேகத்தில் அந்தப் பாலத்தைக் கடந்திருக்கிறார்கள்.

எனக்கு அந்தப் பாலம் நன்றாகத் தெரியும். அதனால்தான் நான் நிறுத்தியிருக்கமாட்டேன். தெரிந்த பாலம் என்று, என் தங்கச்சியையும் வைத்துக்கொண்டு, இடப்பக்கமாக நேரே இறங்கியிருப்பேன். இதை அன்றிரவு எத்தனை விதமாகத் திருப்பிப் பார்த்தும் வேறு முடிவு வரவில்லை. மறுநாள் காலை மிஸ்ஸிக்கு நன்றி சொல்லப் போனேன். அவர் வேறொரு பெண்ணைக் கவனித்துக்கொண்டிருந்தார். தலையை அசைத்துவிட்டுத் திரை மறைவுக்குள் போய்விட்டார். சொல்ல வந்த நன்றியைப் பரிமளத்தின் கட்டிலடியில் நின்று சொன்னேன். அவள் பிள்ளையின் முகத்தில் இருந்த ஈயை ஓட்டிக்கொண்டே சொன்னாள்: "நான் கத்தக் கத்த அவ இறங்கித் தண்ணியப் பாத்துக்கொண்டு நிண்டா அண்ணா. அந்த நேரம் அவவக் கொல்லலாம் போல இரிந்திச்சு. நீங்களும் அவவிட்டக் கொஞ்சம் பழகினா என்ன?"

இத்தனை வருடம் இடப்பக்க ஆசனத்தில் இருந்துகொண்டு, காலடியில் இல்லாத பிரேக்கை நான் மிதித்த மிதிக்கு ஒரு வாகனமாவது நின்றதில்லை. நின்றதெல்லாம் ஓட்டியவர்கள் நிறுத்தியது, அவர்கள் புண்ணியத்தில்தான் நான் இன்று இதை எழுதிக்கொண்டிருக்கிறேன்.